அரிசி டின்னுக்குள் அத்திக்காய்

நேற்றுக் காலை என் வீட்டுக்காரர் அரிசி டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். எனக்குப் பகீர் என்றது.

வீட்டு வேலையில் கை கொடுக்கிற கணவரைக் கண்டு யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன். எங்கள் குசினிச் சுவரோரம் நிற்கிற அத்திமரம் இரண்டாம் முறையாகக் காய்த்திருக்கிறது. அந்த டின் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

இவருக்குத் துறைமுகத்தில் வேலை. அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களா வளவில் ஓர் அத்திமரம் இருந்தது. நம்மூர்க் காட்டத்தி இல்லை — சீமை அத்தி. அதில் ஒரு தடியை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"தேன் மாதிரி இருக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்லுகினம்."

சாப்பிட்டவர் என்று ஒருவரையும் காணோம்!

சட்டி பானை கழுவுகிற தண்ணீரிலேயே தடி வேர்விட்டு மரமாகிவிட்டது. விரித்த கை போல இலை. தொட்டால் ஒரே சொரசொரப்பு. பக்கத்து வீட்டு பிலோமினா ரீச்சர் ஓர் இலையைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஆதாமும் ஏவாளும் இதையோ தைச்சு உடுத்தினவை? தண்டனை தோட்டத்துக்குள்ளையே தொடங்கிட்டுது போல."

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "சின்னனில இருந்து வேதத்தில வாசிக்கிறன், கண்ணால கண்டதில்லை. பழுத்தால் முதல் பழம் எனக்குத் தரவேணும், பிள்ளை." நானும் பெரிய மனதோடு தலையாட்டினேன்.

போன முறை காய் பிடித்ததும் இவர் பொறுப்பைக் கையில் எடுத்தார். விட்டால் காகம் கொண்டுபோய்விடுமாம். மாங்காய்க்கு என்ன செய்வோம்? முற்றியதும் பிடுங்கி அரிசிக்குள் புதைப்போம். அத்திக்கும் அதே வைத்தியம்! அரிசியைக் கூப்பனுக்கு அளந்து தருகிற இந்தக் காலத்தில் எங்கள் டின்னில் அரிசியைவிட இடம்தான் அதிகம். காய்களெல்லாம் வசதியாகப் படுத்துக்கொண்டன.

தினமும் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். காய்கள் சுருங்கின... வதங்கின... பழுக்க மட்டும் மாட்டோம் என்றன. காம்பில் வடிந்த பால் அரிசியில் ஒட்டி, சோறு கட்டி கட்டியாக வந்தது. கடைசியில் இவர் தீர்ப்புச் சொன்னார்.

"இது பழுக்காத சாதி. துரை ஏன் விட்டிட்டுப் போனவர் எண்டு இப்ப விளங்குதோ?"

அதற்குப் பிறகுதான் அந்தச் சம்பவம். ஒருநாள் சாம்பல் கொட்டப் போன இடத்தில், சுவருக்கும் இலைக்கும் நடுவே ஒரு காயைக் கண்டேன். இவர் கண்ணுக்குத் தப்பியது! ஆனால் கழுத்து ஒடிந்து தொங்கிற்று. தோல் கறுத்து, வெடித்து, அடியில் ஒரு சொட்டு ஒழுகி நின்றது. சுற்றிலும் எறும்பு.

"இஞ்சருங்கோ, இதில ஒண்டு மிஞ்சிக்கிடக்கு."

இவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "அது அழுகிப்போச்சு. எறியும்!"

எறியத்தான் கையில் எடுத்தேன். விரலில் பட்டதை நக்கிப் பார்த்தேன்.

ஐயோ... என்ன சொல்ல! எறும்பை ஊதிவிட்டு அங்கேயே நின்று சாப்பிட்டேன். உள்ளே ஒரே சிவப்பு. பல்லில் சின்னச் சின்ன விதை நறநறவென்றது. தேன் என்றால் தேன்தானா? பனங்கட்டிப் பாகும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. பாதியை இவருக்கு வைப்போம் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் காம்புதான் கையில் இருந்தது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"எறிஞ்சிட்டீரோ?"

"ஓம், எறிஞ்சிட்டன்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை.

இப்போது மீண்டும் டின். போன முறை அதில் மண்ணெண்ணெய் மணம் இருந்ததாம், அதனால்தான் பழுக்கவில்லையாம். வருகிற ஞாயிறன்று காய் முழுவதையும் பிடுங்கப்போகிறார்.

"மரத்திலேயே விடுவமே, தானாப் பழுக்கும்," என்றேன்.

"பழுக்கும் எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?"

என்னெண்டு தெரியும்... நல்ல கேள்வி! மறுமொழி நாக்கு நுனி வரை வந்தது. தேங்காய் துருவப் போய்விட்டேன். இருப்பது ஒரே ஓர் அத்திமரம். சொல்லாவிட்டால் அத்தனையும் மறுபடி அரிசிக்குள் சுருங்கும். சொன்னால், முழுப்பழத்தையும் தனியாக விழுங்கியவள் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்காட்டுவார். இவரைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பத்திரிகையில் இவர் கப்பல் செய்தியும் மரண அறிவித்தலும் மட்டும்தான் பார்ப்பார். வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஆகையால் துறைமுகக் கந்தோரில் இவரோடு வேலை செய்து, இதை வாசிக்கிற புண்ணியவான் யாராவது, ஞாயிறுக்கு முன் அவர் காதில் போட்டுவிடுங்கள்: அத்தி மரத்தில்தான் பழுக்கும், உங்கள் மனைவி சாப்பிட்டுப் பார்த்துவிட்டார்.

பிலோமினா ரீச்சரிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.