மேட்டு வரிசையில் ஒரு வீடு

பேச்சியம்மா டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஓர் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அதே லயத்தில் பிறந்தவர்தான். ஆனால் அவர் பிறந்ததை எங்கேயாவது பதிந்து வைக்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பிறந்தவர் கண்முன்னால் அழுதுகொண்டு கிடக்கும்போது பதிவு எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை அழகன் தோட்டத்து ஆள் இல்லை. டவுன் கடைத்தெருவில் லொறியிலிருந்து அரிசி மூட்டையும் மா மூட்டையும் இறக்குகிற நாட்டாமை வேலை அவனுக்கு. கடைகளுக்குப் பின்னால் ஓடைக்கரையோரம் பலகையும் தகரமுமாக அடித்த குடிசைகள் ஒரு வரிசை இருந்தது. அதில் ஒன்றுக்குத்தான் பேச்சியம்மா வாழவந்தாள். மழைக்காலத்தில் ஓடை பொங்கி வாசலுக்கு வரும். வெயில் காலத்தில் கடைத்தெருக் கழிவெல்லாம் அதே வாசலில் தேங்கி நாறும். இருந்தாலும் தோட்டத்தைப்போலக் காலையில் கொம்பு ஊதி வேலைக்கு எழுப்ப யாரும் இல்லாத இடம் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

பக்கத்துக் குடிசையில் சோமாவதி இருந்தாள். சிங்களத்தி. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு சந்தையில் கீரையும் கிழங்கும் விற்றாள். விடியுமுன் சந்தைக்குப் போகிறவள் பிள்ளைகளைப் பேச்சியம்மாவிடம் விட்டுப் போவாள். பேச்சியம்மாவுக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்கித் தங்காமல் போனபிறகு பிள்ளை இல்லை. சோமாவதியின் பிள்ளைகளுக்குத் தலைவாரி, சோறூட்டி, பேன் பார்த்து, அவளுக்குப் பொழுது போயிற்று. சின்னவள் சோமாவதியைவிட இவளிடம்தான் அடம்பிடிப்பாள். சோமாவதி இவளைத் தங்கையாக்கி நங்கி என்பாள், இவள் அவளை அக்கே என்பாள். ஒருத்தி அரைகுறைத் தமிழிலும் மற்றவள் அரைகுறைச் சிங்களத்திலும் பேசி எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில் பெய்த பெருமழை ஓடைக்கரைக் குடிசைகளில் பாதியை அடித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் டவுனைப் புதிதாகக் கட்டவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. குடிசைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பஸ் நிலையம், பழைய சந்தைக்குப் பதிலாக மாடிச் சந்தை, ஓடைக்குக் கல்லால் கட்டிய கால்வாய், குடிசைக்காரர்களுக்கு மேட்டில் ஒரு வரிசைக் கல்வீடு. ஓவர்சியர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்து அளந்தார். தண்ணீர்க் குழாய்ப் பீலியடியில் நின்ற பெண்களைப் பார்த்து, “ஒருத்தரும் பயப்பட வேணாம். எல்லாருக்கும் வீடு இருக்கு,” என்று தமிழிலேயே சொன்னார். அவர் பொய் சொன்னதாகப் பேச்சியம்மா பின்னாளிலும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

வேலை தொடங்க இரண்டு வருஷம் ஆயிற்று. தொடங்கியதும் மணல் சுமக்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பேச்சியம்மா முதல் ஆளாகப் போனாள். அழகனுக்கு அதற்குள் நெஞ்சு நோய் வந்துவிட்டது. மூட்டை தூக்கினால் இருமல் வந்து ஆளைச் சுருட்டிவிடும். ஆகவே அவள் சுமந்தாள். கீழே லொறி கொட்டிய மணலைத் தாச்சியில் அள்ளி, தலையில் வைத்து, மேடேறிக் கொத்தனாரிடம் கொட்டிவிட்டு இறங்குவாள். சுவர் எழும்ப எழும்ப அவளுக்கு ஆசையும் எழும்பியது. வரிசையின் கடைசி வீட்டுக்குக் காலை வெயில் நேரே விழும். சாயங்காலம் குடிசைக்கு வந்ததும் அந்த வீட்டைப் பற்றித்தான் பேச்சு.

“கடைசி வீட்டைக் கேட்டு வாங்கிருவோம்ங்க. வாசல்ல வெயில் விழுது. ஒங்க நெஞ்சுக்கு அதுதான் நல்லது.”

“குடுக்கட்டும், பாப்போம்,” என்பான் அழகன். அவனுக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

சந்தேகத்துக்குக் காரணம் பிரஜாவுரிமை. இந்தியாவிலிருந்து வந்த வம்சத்தார் மனுப் போட்டுத்தான் பிரஜையாக வேண்டும் என்று சட்டம் வந்த புதிதில் அழகனும் எல்லோரையும்போல மனுப் போட்டிருந்தான். விசாரணையில், இடையில் நாட்டை விட்டுப் போயிருந்தாயா என்று கேட்டார்கள். முன்னே ஒரு தரம் தாய் செத்துப்போன செய்தி கேட்டு அவன் இந்தியாவுக்குப் போயிருந்தான். போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து, எழுந்து நடக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதை மறைக்கத் தெரியாமல் உள்ளதைச் சொன்னான். அவ்வளவு நாள் வெளியே இருந்தவனுக்கு உரிமை இல்லையென்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பேச்சியம்மாவுக்கோ அப்பா இங்கே பிறந்தார் என்று காட்ட ஒன்றும் இல்லை. உரிமை இல்லாவிட்டால் வோட்டுப் போடுகிற நாளில் வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதானே என்று இருவரும் அதை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கும் அதைக் கேட்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

கேட்டார்கள். வீடுகளுக்கு ஓடு போட்டு முடிந்த மாதத்தில், குடிசைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்த நாட்டுப் பிரஜைகளுக்கு மட்டும்தான் வீடு என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. சோமாவதிக்குக் கிடைத்தது. அதுவும் கடைசி வீடே கிடைத்தது. பேச்சியம்மா முறை வந்தபோது ஓவர்சியர் தலையைத் தூக்காமல் சொன்னார்.

“நீங்க எல்லாம் தோட்டத்துக்குப் போறது நல்லது.”

“தோட்டத்துப் பதிவுல எங்க பேரு இல்லைங்களே ஐயா. நாட்டாம வேலைக்கு வந்து இத்தன வருசமாச்சு.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“அந்த வீட்டுக்கு மணலு செமந்தது நாந்தானுங்க.”

“செமந்ததுக்குச் சம்பளம் குடுத்தாச்சுதானே,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.  பேச்சியம்மா வெளியே வந்து, பிள்ளைகளுக்குச் சோறூட்டும் நேரமாயிற்றே என்று நேரே சோமாவதியின் குடிசைக்குப் போனாள்.

குடிசைகளைப் பிரிக்க ஆட்கள் வந்த அன்று தூறல் விடவில்லை. சோமாவதி முதல் நாளே பிள்ளைகளோடு மேட்டுக்குப் போயிருந்தாள். அழகன் காய்ச்சலோடு பாயில் கிடந்தான். அலவாங்குக் கடப்பாரையோடு வந்த ஆட்கள் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு, மற்றவற்றைப் பிரித்துவிட்டு இதைக் கடைசியில் பார்ப்போம் என்று நகர்ந்தார்கள். கடைசியும் வந்தது. கூரைத் தகரத்தை எடுத்ததும் மழை அழகன் முகத்தில் விழுந்தது. பேச்சியம்மா தன் சேலைத் தலைப்பை விரித்து அவனுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு எதுவும் செய்ய அவளுக்குத் தோன்றவில்லை.

சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு சோமாவதி சேற்றில் இறங்கி வந்தாள். வந்தவள் பாயின் ஒரு தலைப்பைப் பிடித்தாள்.

“தூக்கு, நங்கி.”

“எங்க அக்கே?”

“எங்கயாம்? வீட்டுக்கு. தூக்கு!”

தகரம் அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரும் வந்து பிடித்தார்கள். அப்படித்தான் அழகன் மேட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். பின்னறையில் அடுப்பை ஒட்டிப் பாய் விரித்தார்கள். துவட்டி, மல்லித் தண்ணீர் கொடுத்து, போர்த்திவிட்டபோது அவன் கையை நீட்டிச் சுவரைத் தடவினான்.

“செவுரு காஞ்சு கெடக்கு பேச்சி,” என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து காய்ந்த சுவரைத் தொட்டதேயில்லை என்பதுபோல் திரும்பத் திரும்பத் தடவினான்.

அந்த வீட்டில் இருந்த நாட்கள்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று பேச்சியம்மா பிறகு சொல்வாள். காலையில் அழகனை வாசலில் வெயிலுக்கு உட்காரவைப்பாள். சின்னவள் அவன் மடியில் ஏறிக்கொள்வாள். இருமல் குறைந்தது. ஒருநாள் இரண்டாந்தரமும் சோறு கேட்டான். சோமாவதி சந்தையிலிருந்து வரும்போது விற்காத கீரையைக் கொண்டுவருவாள். இரண்டு பெண்களும் சேர்ந்து ஆய்வார்கள்.

ஒரு மாதம்கூட முழுதாக அப்படிப் போகவில்லை. பீலியடியில் தண்ணீருக்கு நின்றபோது ஒரு பெண் கேட்டாள், “என்ன, இன்னும் போகலியா நீங்க? ஒங்களால அந்த மனுசிக்கு வீடு போகப்போகுதாமே.”

வீடு கிடைக்காத யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வெளியாட்களை வைத்துக்கொண்டால் வீட்டைத் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று ஓவர்சியர் இரண்டு தரம் சந்தைக்கே வந்து சோமாவதியை எச்சரித்திருக்கிறார். அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

பேச்சியம்மா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். “அக்கே, ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ போயிருவ.”

“வீட்ட எடுத்தா புள்ளைங்கள எங்க கொண்டு போவ?”

“எடுக்க மாட்டாங்க. சும்மா பயப்படுத்துறது.”

“எடுத்தா?”

சோமாவதி கீரைக்கட்டைத் தரையில் எறிந்தாள். “எடுத்தா எடுக்கட்டும்! மழை பெய்யுது, அந்த மனுசனை நான் வெளிய போடவா? எனக்கு இந்த வீடு வேணாம்!”

“எனக்கு வேணும் அக்கே,” என்றாள் பேச்சியம்மா. “நீயும் புள்ளைங்களும் இதுல இருக்கணும். நான் செமந்த வீடு.”  சோமாவதி அழுதுகொண்டே கீரையைப் பொறுக்கினாள்.

இரண்டு நாள் கழித்து, சோமாவதி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், பேச்சியம்மா மூட்டையைக் கட்டினாள். அழகன் கேட்டான், “எங்க போறோம்?”

“டயகமத்துக்குங்க. அண்ணன் வரச்சொன்னாரு. அங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில நல்ல மருந்து குடுக்குறாங்களாம்.”

அண்ணன் சின்னராசா வரச்சொல்லவில்லை. மருந்தும் புதிதாக ஒன்றும் வரவில்லை. அழகன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நம்பித்தான் வந்தானா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சின்னராசாவின் காம்பராவில் ஏற்கெனவே ஆறு பேர்.  அண்ணன் கங்காணியிடம் கெஞ்சி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாக்குக் கட்டி மறைத்துக் கொடுத்தார். டயகமத்துக் குளிர் டவுன் குளிர் மாதிரி இல்லை. காலையில் மூடுபனி இஸ்தோப்புக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும். அழகனின் இருமல் திரும்பி வந்தது. பத்து நாள் தாங்கவில்லை. ஒரு பகல்வேளை, எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, பேச்சியம்மா அவன் வாயில் கஞ்சி ஊற்ற ஊற்ற அது கடைவாயில் வழிந்தது. தோட்டத்துப் புதைகாட்டில் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள்.

செய்தி கேட்டு மூன்றாம் நாள் சோமாவதி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, லயத்து வாசலில் வந்து நின்றவள் பேச்சியம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“ஏன் என்கிட்ட சொல்லாம வந்த? என் வீட்டுல செத்திருக்கலாமே அந்த மனுசன்! சூட்டுல செத்திருக்கலாமே!”

லயத்துப் பெண்கள் திகைத்துப்போய் நின்றார்கள். பேச்சியம்மா அதுவரை அழாதவள். சோமாவதியின் நெஞ்சில் தலையை வைத்து அன்றுதான் அழுதாள். போகாமல் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்ற கேள்வி பிறகு எத்தனையோ வருஷம் அவளை விடவில்லை. அண்ணன் பெண்டாட்டி கேட்டதற்கு ஒருமுறை சொன்னாள், “ரெண்டுல எதச் செஞ்சிருந்தாலும் பாவந்தான் மதினி. அந்தப் புள்ளைங்க முகத்தப் பாத்தா அவரு முகம் தெரியல. அவரு முகத்தப் பாத்தா புள்ளைங்க தெரியல. நான் புள்ளைங்களப் பாத்துட்டேன்.”

தோட்டத்தில் அவள் பேர் பதியவில்லை. கொழுந்து நிறைய விழுகிற காலத்தில் மட்டும் கைக்காசுக்கு எடுப்பாள். மற்ற நாளில் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, விறகு பொறுக்கிக்கொண்டு இருந்தாள்.

டவுனில் பஸ் நிலையமும் மாடிச் சந்தையும் பெரிய விழா எடுத்துத் திறந்தார்கள். தோரணம், மேளம், கொழும்பிலிருந்து வந்த பெரியவர்களின் பேச்சு எல்லாம் இருந்ததாம். டவுன் அழகாகத்தான் ஆகியிருந்தது. தோட்டத்து ஜனங்கள் திருவிழாவுக்குப் போவதுபோலப் போய்ப் பார்த்து வந்தார்கள். பேச்சியம்மா போகவில்லை.

அறுபத்துநாலில் இந்தியாவின் தலைவரும் இந்த நாட்டுத் தலைவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பேச்சு வந்தது. லயத்தில் எல்லோரும் கலங்கியிருந்தபோது பேச்சியம்மா மட்டும், “எங்க போகச் சொன்னாலும் புதுசா எனக்கு என்ன?” என்று இருந்துவிட்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் பஸ் ஏறுவாள். தன் குடிசை இருந்த இடத்தில் எழுந்த பஸ் நிலையம் வரை போகமாட்டாள். டவுனுக்கு முந்திய வளைவில், பாலத்தடியில் இறங்கிக்கொள்வாள். சோமாவதி அங்கே காத்திருப்பாள். வளர்ந்துவிட்ட சின்னவளும் சில நாள் கூட வருவாள். மூவரும் பாலக்கட்டில் உட்கார்ந்து, சோமாவதி கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசுவார்கள். வீட்டுக்கு வா என்று சோமாவதி முதல் தடவையோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். டயகம பஸ் திரும்பி வரும்போது பேச்சியம்மா கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொள்வாள். பஸ் வளைவு திரும்பும்வரை அவர்கள் அங்கேயே நிற்பார்கள்.