ஏரிக்கு அப்பால் ஒரு வேட்டும் ஒரு சைக்கிளும்

அப்துல் காதர் முகமது தாவூத் (1929–1989) செஞ்சி கடைத்தெருவில் வாடகைச் சைக்கிள் நிலையம் நடத்தியவர். எங்கள் படிப்பகத்துக்கு வரும் அறிவியல் இதழ்களை அவரைப்போல் கருத்தூன்றி வாசித்தவர் வேறொருவரும் இலர். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று அங்கு நடைபெற்ற அறிவியல் கூட்டம் அவர் தொடங்கியதே.

1984ஆம் ஆண்டில் அக்கூட்டத்திற்கு ஆபத்து வந்தது. படிப்பகச் செயலாளரான மளிகைக்கடை பூவராகவ செட்டியார், அந்த ஞாயிறுகளைக் கேரம் போட்டிக்கு ஒதுக்க விரும்பினார்.

"பூமிக்குள்ள கொழம்பு மாதிரி உருகிக் கெடக்குதுன்னு சொன்னீங்களே பாய், யாரு எறங்கிப் பாத்துட்டு வந்தது?"

"யாரும் எறங்க வேணாம் செட்டியாரே. பூகம்பமே உள்ள பூந்து போய்ட்டு வந்து சொல்லுது."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. அடுத்த கூட்டத்துல நிரூபிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா நான் கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்கிடுவேன்."

தாவூத் ஒப்புக்கொண்டார். மே 13 மாலை, சிங்கவரம் செல்லும் வழியிலுள்ள ஏரியின் கரையடியில் நாற்காலிகள் போடப்பட்டன. கரை உயரமானது, கீழே அமர்ந்தவர்க்கு ஏரி தெரியாது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

நிலநடுக்கத்திலிருந்து இருவகை அலைகள் பூமியினூடே புறப்படும் என்று அவர் விளக்கினார். முதலாவது, வழியை நெருக்கியும் தளர்த்தியும் விரைந்து செல்வது. பாறையையும் கடக்கும், நீர்மத்தையும் கடக்கும். இரண்டாவது, பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு பின்தங்கி வருவது; நீர்மத்தைக் கடக்க அதனால் இயலாது. பூமியின் எதிர்ப்புறத்திலுள்ள கருவிகளுக்கு முதல் அலை வந்து சேர்கிறது, இரண்டாவது வருவதில்லை.

அக்கரையில் சிங்கவரத்துப் பால்காரர் ராஜாராம் ஓர் அதிர்வேட்டுடனும் வாடகைச் சைக்கிளுடனும் நின்றார். வேட்டைக் கொளுத்திவிட்டு நேராக இக்கரைக்கு வரவேண்டும், சுற்றி வரலாகாது, தண்ணீர் மறித்தால் நின்றுவிட வேண்டும்.

"சத்தம் மொத அலை. சைக்கிள் ரெண்டாவது அலை. சத்தம் வரும், சைக்கிள் வராது" என்றார் தாவூத்.

வேட்டு முழங்கியது. தாவூத் புன்னகையோடு காத்திருந்தார். சற்றுநேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. ராஜாராம் கரைமேல் தோன்றி, கைப்பிடியில் இரண்டு விரால் மீன்கள் தொங்க, இறங்கி வந்தார்.

"இன்னா ராஜாராம், தண்ணி?"

"தண்ணி ஏது பாய்? மீன் புடிக்க மடையத் தொறந்துவுட்டு ரொம்ப நாளாவுது. ஏரி வெடிச்சுக் கெடக்குது. குட்டையில இதுங்கதான் மிச்சம்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"தண்ணி இருந்தா நில்லுன்னீங்க. இருக்குதான்னு கேக்கலியே."

சித்திரைப் பிறப்பன்று பார்த்த தண்ணீரை நம்பியிருந்தார் தாவூத். கூட்டம் சிரித்தது. செட்டியார் எழுந்தார்.

"உங்க கணக்குப்படி பூமிக்கு நடுவுல விரால்தான் இருக்குது. பவுடர் வாங்கப் போறேன்."

தாவூத் தலைகுனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

"செட்டியாரே, ஏரி வத்திப்போச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மணி கேட்டப்பவே."

"கரையேறிப் பாத்தீங்களா?"

"எதுக்கு? தண்ணி இருந்தா இவன் எப்படி வருவான்?"

"சரி, இவன் வராமலே இருந்திருந்தா?"

"தண்ணி இருக்குதும்பேன்."

"பூமியில சைக்கிள் வரல செட்டியாரே. சத்தம் மட்டுந்தான் வந்துச்சு."

செட்டியார் மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்.

"கூட்டத்த நீங்களே நடத்துங்க பாய். கேரம் சனிக்கெழமை ஆடிக்கலாம்."

ராஜாராம் ஒரு மீனை அவரிடம் நீட்டினார்.

"நான் சைவம்யா" என்றார் செட்டியார்.

மழையில் ஏரி நிரம்பியதும், டிசம்பர் கூட்டத்தில் அதே சோதனையைச் செட்டியாரே கேட்டு மறுபடி நடத்தச் செய்தார். அன்று வேட்டு கேட்டது, சைக்கிள் வரவில்லை. அனைவரும் கைதட்டினர். அக்கரையில் நின்றுகொண்டிருந்த ராஜாராமை அழைத்துவரச் சுற்றுவழியாகச் சைக்கிள் மிதித்துச் சென்றவரும் செட்டியாரே.

தாவூத் உள்ளவரை இரண்டாம் ஞாயிறு மாறவில்லை. அவர் கடைசியாகப் பேசிய கூட்டம் நடந்த நாள் 1988 நவம்பர் 13.