கடலைக் குடோனில் அக்கா பாடியது

நேற்று பச்சைக் கடலை வாங்கி வந்தேனே பிள்ளைகளா, அதன் மண்வாசம் என்னை ஆலங்குடி ரோட்டுக் கடலைக் குடோனுக்கே கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. அப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, தகரக் கூரை அதிரக் கர்நாடக சங்கீதக் கச்சேரி வைப்பார்கள். பாடுகிறவர் தாடையைக் கோணுவார், மிருதங்கக்காரர் அடிக்கு அடி புருவத்தை ஏற்றி இறக்குவார், முன்வரிசையில் குடோன் முதலாளி தப்புத் தாளத்தில் தன் தொடையையே அடித்துக்கொள்வார், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, முதன்முதலாக அங்கே பாடிய வருஷம், கச்சேரிக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"டேய், நீ மட்டும் சிரிச்சே, பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்க."

"சத்தியமாச் சிரிக்க மாட்டேன்க்கா."

அவள் ராகத்தை இழுத்துத் தாடையைக் கோணியதும், பக்கத்து மூட்டையிலிருந்து கடலையைத் தோலோடு அள்ளி வாயில் திணித்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பிக் கண்ணில் தண்ணீர் கொட்டியும் நான் சிரிக்கவில்லை. அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நீட்டிக்கொண்டிருந்த சுரத்துக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்து, குரல் கிடுகிடுவென்று குலுங்கியது.

"அடடா, கொரல என்னமா அசைக்குது புள்ள!" என்று முதலாளி தொடையில் ஓங்கி அடித்தார். குடோனே கைதட்டியது.

இன்றைக்கும் அந்தப் பாட்டில் அந்த இடம் வந்தால் அத்தை குரலை அப்படியே குலுக்குகிறாள். நானும் கச்சேரிக்குக் கடலையோடுதான் போகிறேன். சிரிக்க மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.