நூல் கடித்த பல்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. விடிந்தது முதல் வானம் மூடியே கிடந்தது; மழை பெய்யவுமில்லை, வெயில் எட்டிப் பார்க்கவுமில்லை. நாட்டெல்லையைக் கடந்து வந்த பேருந்திலிருந்து இறங்கிய ஊசியக்காவின் முகமும் அந்த வானத்தைப் போலவேதான் இருந்தது.

ஊசியக்கா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. தையற்கடையில் உடன் வேலை செய்வோர் சூட்டியது. குண்டூசிகளை உதடுகளுக்கிடையே வரிசையாகப் பிடித்துக்கொண்டு, ‘ம்’, ‘ம்ஹூம்’ என்னும் இரண்டே ஒலிகளில் ஒரு நாள் பேச்சையும் முடித்துவிடுவாள். ஊசிகள் இல்லாத வேளையிலும் அவள் வாயைத் திறப்பது அரிது. சிரிப்பு வந்தால் புறங்கை தானாகவே எழுந்து வாயை மூடிக்கொள்ளும். பால் கலக்காத தேநீரும் சாயம் விடும் நூலும் சேர்ந்து அவளுடைய முன்பற்களைத் துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன.

கடையின் பின்னறையில், சுவரைப் பார்த்த தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்தவரையில் அந்தப் பற்கள் யாருக்கும் இடையூறாக இருக்கவில்லை. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து தைக்கக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் சிக்கல் முளைத்தது. அதே வாரத்தில் கடை விரிவடைந்து, வீதியைப் பார்த்த கண்ணாடி முகப்புடன் புதிய கூடம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபடி அளவெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

“முன்மேசைக்கு உங்களைத்தான் நெனச்சு வச்சிருக்கேன்” என்றார் முதலாளியம்மா. “நீங்க அளவெடுத்தா மறு அளவு வேண்டாம். ஆனா, உள்ள வர்றவங்க மொதல்ல பாக்கிறது கையை இல்ல, முகத்தை. வியாழக்கிழமை தொறக்கிறோம். அதுக்குள்ள பல்லை ஏதாச்சும் பண்ணிக்கிட்டு வாங்க. இல்லேன்னா வேற பொண்ணைத்தான் நிறுத்தணும். மனசுல வச்சுக்காதீங்க.”

“மனசுல வைக்காம இதை மடியிலயா வச்சுக்கிறது?” என்று பொத்தான் தைப்பவள் முணுமுணுத்தாள். ஊசியக்கா ‘ம்’ என்று மட்டும் சொன்னாள். பின்னறைக்குக் கழுத்து இடம் கொடுக்காது. முன்மேசைக்குப் பல் இடம் கொடுக்காது. இரண்டும் இல்லையென்றால் வீடுதான்.

உள்ளூர்ப் பல் மருத்துவமனையில் வெளுப்புக்குக் கேட்ட தொகை எட்டாக்கனியாக இருந்தது. அழகு நிலையமொன்றில் மலிவாகச் செய்தார்கள். ஆனால் அங்கே போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி ஈறு வெந்து, வாயைத் திறக்க முடியாமல் சைகையாலேயே கணவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேளையில்தான் வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை தொலைபேசியில் வழி சொன்னாள்.

“அக்கா, அந்தக் கூத்தெல்லாம் நமக்கு வேண்டாம். இங்க வந்துடு. எங்க சலவைக்கூடத்துலதான் ஒரு பல் ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுக்கிறோம், நல்ல இடம். பேருந்துச் செலவைச் சேர்த்தாலும் அங்க கேக்கிறதுல பாதிதான் வரும். முழுசாப் பரிசோதிச்சுட்டுத்தான் வாயில கையே வைப்பாங்க.”

‘முழுசாப் பரிசோதிச்சுட்டு’ என்ற சொல்லில்தான் ஊசியக்காவுக்கு ஆறுதலும் அச்சமும் ஒருங்கே பிறந்தன. மேல்வரிசையில் ஒரு முன்பல், குளிர்ந்த நீர் பட்டால் சில மாதங்களாகச் சுரீரென்று இழுத்துக்கொண்டிருந்தது. அதனை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. குறை இருப்பது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கவலை, பேருந்து முழுவதும் அவளருகே ஓர் ஆளைப் போல உட்கார்ந்து வந்தது.

மருத்துவமனை இரண்டாம் மாடியில் இருந்தது. வெள்ளைச் சுவர், மருந்து வாடை, சாய்வு நாற்காலிக்கு மேலே கை நீட்டிய விளக்கு. மருத்துவர் நடுவயதினர், அவர் பேசிய மொழி ஊசியக்காவுக்குத் தெரியாது. தங்கை நாற்காலியின் தலைப்பக்கம் நின்று இரு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

“சாயக்கறைதானாம். நல்லா வெளுக்குமாம்” என்றாள் தங்கை.

ஊசியக்காவுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே அது மீண்டும் நின்றது. மருத்துவர் சிறு குழாயொன்றை எடுத்து ஒவ்வொரு பல்லின்மீதும் காற்றை ஊதிக்கொண்டு வந்தார். அந்த முன்பல்லில் காற்று பட்டபோது மண்டைக்குள் மின்னல் வெட்டியது. விரலில் ஊசி ஏறிய நாளிலேயே ‘ஆ’ என்று சொல்லாதவள், நாற்காலியின் கைப்பிடிக்குள் நகங்களைப் புதைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் கிடந்தாள்.

“கூசுதான்னு கேக்கிறார்.”

“ம்ஹூம்.”

மருத்துவர் அந்தப் பல்லின் நுனியைக் கண்ணாடியால் மறுபடியும் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“நுனியில ஒரு பள்ளம் இருக்காம். நகம், நூல், கம்பி, எதையாச்சும் பல்லால கடிக்கிற பழக்கம் உண்டான்னு கேக்கிறார். இருந்தா மறைக்காம சொல்லணுமாம். பல்லுல விரிசல் இருந்து மருந்து உள்ள எறங்கிட்டா நரம்பையே கெடுத்துடுமாம்.”

கேட்டுவிட்டுத் தங்கை அக்காவின் கண்களை நேராகப் பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரியும். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கினாலும் பல்லால் நூலறுக்கும் அக்காவின் பக்கத்தில்தான் அவள் வளர்ந்தாள். ஊசியக்காவின் நினைவிலோ வியாழக்கிழமை மட்டும் நின்றது.

“இல்லைன்னு சொல்லு.”

“அக்கா...”

“சொல்லுடி!”

தங்கை அப்படியே மொழிபெயர்த்தாள். மருத்துவர் சற்றுத் தயங்கினார். பிறகு, மருந்தைக் கலப்பதற்காக மேசைப்பக்கம் திரும்பினார். கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டி உரசும் ஒலி கேட்டது. செவிலி, சலவை செய்த துணியொன்றை உதறி ஊசியக்காவின் மார்பில் விரித்துக் கழுத்தின் பின்னே கொக்கியை மாட்டினாள். இன்னும் சிறிது நேரம், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் போதும். கடிக்க முடியாதபடி வாயை விரிக்கும் கருவி வருமுன் மனத்தையாவது கடித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது மோவாயில் ஏதோ குறுகுறுத்தது. துணியின் ஓரத்தையல் பிரிந்து ஒரு நூல் நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்ந்த நூலைக் கண்டால் சும்மா இருக்கும் கை ஊசியக்காவுக்கு வாய்க்கவில்லை. அவள் எண்ணவில்லை, கைதான் எண்ணியது. நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தை இழுத்துப் பிடித்து, தலையைச் சாய்த்து, முன்பல்லால் ‘டக்’கென்று அறுத்துவிட்டாள். அறுந்த துண்டை நாக்குநுனியால் தள்ளியும் விட்டாள்.

கிண்ணத்தில் கரண்டி நின்றது.

செவிலி மருத்துவரைப் பார்த்தாள். மருத்துவர் ஊசியக்காவைப் பார்த்தார். தங்கை தலையிலடித்துக்கொண்டாள். அந்த அறையில் அன்று மொழிபெயர்ப்புத் தேவைப்படாத பதில் அது ஒன்றுதான்.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்ணத்தை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு, மெல்லிய ஒளிக்குழல் ஒன்றைப் பல்லின் பின்புறம் வைத்தார். ஊசியக்காவின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பல்லுக்குள் ஒளி பரவியது. பள்ளத்திலிருந்து மேல்நோக்கி, மயிரிழையினும் மெல்லிய கோடொன்று ஈறு வரையில் ஓடியிருந்தது. துணி கிழியத் தொடங்கும் இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

“இந்த வழியா மருந்து போயிருந்தா நரம்பு செத்து, இதே பல்லு கறுத்துப் போயிருக்கும்கிறார்” என்ற தங்கையின் குரல் நடுங்கியது. “வெளுக்க வந்த பல்லு, அக்கா!”

ஊசியக்கா கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தாள். “வேற வழி இருக்கான்னு கேளு” என்றாள்.

வழி இருந்தது, ஆனால் அது வியாழக்கிழமைக்குள் முடிகிற வழியன்று. விரிசலை அன்றே அடைத்துவிடலாம். பல் அமைதியடைகிறதா என்று சில மாதங்கள் பார்த்திருந்து, அதற்குப் பிறகுதான் வெளுப்பைப் பற்றிப் பேசலாம். இடையில் நூலின் பக்கம் பல் போகவே கூடாது.

“அடைக்கச் சொல்லு” என்றாள் ஊசியக்கா. “அப்புறம்... முன்னாடி நான் சொன்னது பொய்னும் சொல்லிடு.”

“அதை நான் வேற சொல்லணுமாக்கும்!” என்று தங்கை அழுகைக்கிடையே சிரித்துவிட்டாள். “எங்க சலவைக்கூடத்துத் துணியே உன்னைக் காட்டிக் கொடுத்துடுச்சு.”

புறப்படும்போது தங்கை பேருந்து நிலையத்துக் கடையில் விரல் நீளமுள்ள கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி, நாடாவில் கோத்து, அக்காவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். “இனிமே இதுதான் உன் பல்லு” என்றாள். ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேருந்து எல்லையைக் கடக்கும்வரை, இவ்வளவு தொலைவு போய் வெறுங்கையோடு திரும்பும் செய்தியை முதலாளியம்மாவிடம் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று கோத்துக் கோத்துப் பிரித்துக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் புதிய கூடத்தின் கண்ணாடிகள் பளபளத்தன. முன்மேசையருகே, முத்துப் பற்களுடன் ஓர் இளம்பெண் அளவுநாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். முதலாளியம்மா ஊசியக்காவைத் தனியே அழைத்து, “எங்க, காட்டுங்க பாப்போம்” என்றார்.

ஊசியக்கா வாயைத் திறந்து காட்டினாள். புறங்கை பாதிவரை எழுந்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் சொன்ன பொய்யையும் விடவில்லை. அவள் இத்தனை சொற்களை ஒருசேரப் பேசி முதலாளியம்மா கேட்டதே இல்லை.

முதலாளியம்மா ஊசியக்காவின் கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலைப் பார்த்தார். மேசையருகே நின்ற பெண்ணைப் பார்த்தார். மீண்டும் அந்தக் கறைப் பற்களைப் பார்த்தார். வெளியே முதல் வாடிக்கையாளரின் கை கதவின்மீது பட்டுவிட்டது.

“சரி, உங்களையே நிறுத்துறேன்னு வச்சுக்குவோம். வர்றவங்க பல்லைப் பாத்துட்டு, ‘என்னங்க இது?’ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நூல் கடிச்சுக் கடிச்சு இப்படி ஆச்சுன்னு சொல்லுவேன்.”

முதலாளியம்மா அந்த இளம்பெண்ணின் தோளிலிருந்த அளவுநாடாவை வாங்கி ஊசியக்காவின் தோளில் போட்டார்.