இறுகாத கடல்பாசி

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணியை மடித்து பாக்கெட் போடுவது என் வேலை. பக்கத்து மேசைக்காரி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். முஸ்லிம் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அப்படியும் வாய் மட்டும் அடங்கியதில்லை.

டீ நேரத்தில் யாராவது பிஸ்கட் நீட்டினால் அவள் முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பாள். எனக்குப் பொறுக்காது.

"ஏட்டி, தின்னப் போறியா, பரீட்சைக்குப் படிக்கப் போறியா?"

"மாட்டுக்கொழுப்பு, எலும்புல எடுக்கற ஜெலட்டின் இதெல்லாம் சேப்பாங்கக்கா. பன்னின்னா பேச்சே இல்ல. மாடுன்னாலும் முறையா அறுத்ததான்னு தெரியணும்ல? உருமாறிப் போச்சுன்னா கூடும், திங்கலாம்னு சில பேரு சொல்லுதாவ. எங்க அத்தா, சந்தேகம்னா விட்டுரும்மான்னுவாவ."

அத்தா என்றால் அவள் அப்பா. அவர் சொன்னதற்கு மேல் அவளுக்கு வேறு பேச்சு கிடையாது.

இவ்வளவு பார்க்கிறவள் என் சாப்பாட்டு டப்பாவை ஒருநாளும் விசாரித்ததில்லை. மூடியைத் திறந்த உடனே கை உள்ளே வந்துவிடும். வீட்டில் கறி எடுத்த மறுநாள்கூட நான் அவளுக்காகக் கத்தரிக்காய்தான் கொண்டுவருவேன் என்று அவளுக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருஷம் நோன்பு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலும் சீனியும் ரோஸ் எசன்ஸும் போட்டுக் கடல்பாசி செய்து அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கடலில் விளைகிற பாசியைக் காய்ச்சி உறைய வைப்பது, நோன்பு திறக்க அவர்கள் விரும்பிச் சாப்பிடுவது. நான் செய்வது அதுதான் முதல் தடவை. ஃபிரிட்ஜில் கல்லு மாதிரி இருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்குவதற்குள் தண்ணீராகிவிட்டது. பஸ்ஸில் அடித்த வெயிலைத் திட்டித் தீர்த்தேன். அவள் அத்தாதான் சிரித்தார். உடம்புக்கு முடியாதவர், அப்போதும் நோன்பை விடாதவர். "பாயாசமா குடிச்சா வேண்டாம்னா சொல்லுது?" என்று டம்ளரில் ஊற்றச் சொன்னார். இரண்டாவது டம்ளரும் கேட்டார். அந்தப் பெருநாள் முடிந்து நாலு மாதத்தில் போய்விட்டார்.

இந்த வருஷமும் அவளுக்குச் செய்து கொடுக்கலாம் என்று கேக் சாமான் விற்கிற அதே கடைக்குப் போய் அதே பவுடரைக் கேட்டேன். அவளோடு பழகிய பழக்கம், பாக்கெட்டைத் திருப்பினேன். அசைவத்துக்குப் போடுகிற பழுப்புக் குறி. மேலே ஆங்கிலத்தில் ஜெலட்டின் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"கடல்பாசில்ல கேட்டேன்?" என்று கத்தினேன்.

"பாலு கெட்டியாவுற பவுடர்னு கேட்டிய. அதத்தான் போன தடவையும் தந்தேன்."

அவர் மேல் தப்பில்லை. அப்படித்தான் கேட்டிருப்பேன். கடல்பாசி வெயிலுக்கு உருகாது என்பதுகூடத் தெரியாமல் பஸ்ஸைத் திட்டியவள்தானே நான். கடை வாசலிலேயே செத்த நேரம் உட்கார்ந்துவிட்டேன். சந்தேகம் என்றால் விட்டுவிடச் சொன்ன மனிதருக்கு என் கையாலேயே இரண்டு டம்ளர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். போய் மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் அவள் என் டப்பாவைத் தொடுவாளா? அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனாலும் அன்றைக்கே பஸ் ஏறினேன். அவள் நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். வெங்காயத்துக்கா, என்னாலா தெரியவில்லை, கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"தெரியாமத்தானக்கா குடிச்சாவ. தெரியாம செஞ்சதுக்கு அல்லா அவிய மேல குத்தம் சொல்ல மாட்டான்" என்றாள். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "அந்த வருஷம் பூரா அத்தா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினது அது ஒண்ணுதான்" என்றாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும், நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை என் கையில் வைத்தாள். அது வந்தவர்களுக்கெல்லாம் செய்கிற மரியாதை என்றே நினைத்துக்கொண்டேன்.

நோன்பு மாதத்தில் அவளுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. பெருநாள் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் மதியம் எனக்கு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தக் கை வரவில்லை. மூடியைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"முட்டைக்கோஸ் பொரியல்ட்டி. கடலெண்ணெய்ல தாளிச்சது. தேங்காய், பாசிப்பருப்பு, பச்சமொளகா, வேற ஒண்ணும்..."

"உப்பு கம்மிக்கா" என்றாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு.