காற்றுக்கும் சேர்த்துப் போட்ட பந்து

பிள்ளைகளே, அத்தை ஆடுவதை இப்போது போனில் பார்த்துக் கட்டில்மேல் ஏறிக் குதிக்கிறீர்கள். எனக்கு அவளை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது வேறு காட்சி. ஆட்டக்காரர்கள் உட்காரும் வரிசையில் கடைசி நாற்காலி, தோளில் நாலைந்து துண்டு, காலடியில் தண்ணீர் பாட்டில்கள். இடைவேளை விசில் ஊதினால் எழுந்து ஓடி எல்லாருக்கும் துண்டு கொடுப்பாள். மறுபடி விசில் ஊதினால் அதே நாற்காலி. உங்களில் சின்னவள் அப்போது கைக்குழந்தை. பெரியவனுக்கும் நினைவிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கை ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் கூடைப்பந்து பழகியவள். அங்கே வடக்குப் பக்கம் மட்டும்தான் வளையம் உண்டு. தெற்கு வளையம் துருப்பிடித்து விழுந்து, வெறும் கம்பம் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை அந்தக் கம்பத்தடியில் எறிந்தால், மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் வண்டிகள் விளக்குப் போடும்வரை ஆட்டம்தான். பையன்களுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு அவள் நுழைந்தால் யாராலும் மறிக்க முடியாது. தூரத்திலிருந்து போட்டாலோ வளையத்தில் படாமலே உள்ளே இறங்கும். இதைப் பார்த்துத்தான் ஒரு கம்பெனி அவளைச் சம்பளத்துக்குத் தன் பெண்கள் அணியில் சேர்த்தது. ஒரு வருட ஒப்பந்தம். எப்படி ஆடுகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் மறுவருடம் வைத்துக்கொள்வார்கள்.

முதல் ஆட்டத்திலேயே இறக்கினார்கள். பெரிய உள்ளரங்கம், பளபளவென்று மரத்தரை. அவள் போட்ட பந்தெல்லாம் வளையத்துக்கு வலப்பக்கமாகப் போய் விழுந்தது. கோச் அம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

நான் அப்போதும் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கிண்டலுக்குப் பஞ்சமில்லை. "இன்னா மாமு, உன் தங்கச்சி பந்து ஆடுதா, தண்ணி கேன் போடுதா?" என்பார்கள். சிரித்துவிட்டு வருவேன், வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எரிந்து விழுவேன். ஒருநாள் போனில் அவளிடம் கேட்டேன். "அந்தம்மா வேணும்னே உன்ன ஒக்கார வெச்சிகீது. நான் வந்து ரெண்டு வார்த்த கேக்கட்டா?"

"நீ வந்தின்னா எனுக்கு அந்த நாற்காலியும் பூடும்ணா," என்றாள். "அவங்க மேல இன்னா தப்பு கீது? பந்து உள்ள போனாத்தான ஆட வுடுவாங்கோ?"

அணி தங்கியிருந்த கேம்பிலிருந்து லீவு கிடைத்து வந்தால் சாயங்காலம் பழைய இடத்தில்தான் பழகுவாள். அங்கே போடுவதெல்லாம் உள்ளே போகும். அதுதான் அவளை இன்னும் குழப்பியது. "இங்க போவுது, அங்க போவமாட்டேங்குது. பேஜாரா கீதுணா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். சீசன் முடிய அதிக நாள் இல்லை. அடுத்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் இருவருமே வாய்திறந்து பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியமே அவள் கேம்புக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் காலையிலேயே பந்தை எடுத்துக்கொண்டு போனோம். நான் வளையத்துக்கு அடியில் நின்று பந்தைப் பொறுக்கிப் போடும் ஆள். அன்றைக்கு என்னை அவள் வலப்பக்கமாகவே ஓடவிட்டாள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. "இன்னாமே, இங்கயும் பூட்ச்சா?" என்று கேட்டேன். அவள் திரும்பித் துறைமுகத்துப் படகுகளைப் பார்த்தாள். கொடிகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"யண்ணா, சாயங்காலம் கடக்காத்து பந்த எடது பக்கம் தள்ளும்ல? நான் அதுக்கும் சேத்து கடல் பக்கமாவே போட்டுக்கினுகீறேன்! உள்ள ஏது காத்து?"

அந்தத் தரையில் ஆடும் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் போடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கை தானாகப் பழகிவிடும். எல்லாரும் ஒரே மாதிரி போட்டதால் யார் கண்ணுக்கும் படவில்லை.

கேம்புக்குப் போய்க் கோச் அம்மாவிடம் சொன்னாளாம். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சரி, இனிமே நேரா போட்டுப் பழகு. பழகினதும் என்கிட்ட வா" என்றாராம். சொல்வது சுலபம். கை கேட்கவில்லை. நேராகப் போட நினைத்தால் இடப்பக்கம் ஓடியது. பழைய பழக்கமும் போய்ப் புதிதும் வராமல், பயிற்சியில் முன்பைவிட மோசமாக ஆடினாள். கை மறுபடி காற்றுக்குப் பழகிவிடும் என்று துறைமுகம் பக்கம் போவதையே நிறுத்தி, கேம்பிலேயே பழகினாள்.

கடைசி ஆட்டத்துக்கு லீவு போட்டுப் போயிருந்தேன். நடுவில் கேப்டனுக்குக் கணுக்கால் பிசகியது. கோச் அம்மா வரிசையைத் திரும்பிப் பார்த்து, கடைசி நாற்காலியை நோக்கிக் கையசைத்தார். இவள் துண்டுகளைத் தரையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். பந்து வந்தது. போட்டாள். வளையத்தில் மோதி வெளியே துள்ளியது. பக்கத்து சீட்டுக்காரர், "ச்சே, வேஸ்ட்டுப்பா" என்றார். எனக்கோ எழுந்து கைதட்டத் தோன்றியது. வலப்பக்கம் போகவில்லை, இடப்பக்கமும் போகவில்லை. நேராக, வளையத்தின் முன்விளிம்பில் பட்டிருந்தது. கோச் அம்மாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும், இவளை வெளியே கூப்பிடவில்லை. அடுத்த பந்து உள்ளே இறங்கியது. அதற்கடுத்ததும். ஆட்டம் முடியும்வரை அவளை எடுக்கவே இல்லை.

அணி தோற்றுப்போனது. ஆனாலும் வெளியே வரும்போது கோச் அம்மா இவள் தலையில் தட்டி, "அடுத்த வருஷம் துண்டு தூக்க வேற ஆள் பார்க்கணும் போலிருக்கே" என்றார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலையில் அவள் நம் வீட்டில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போயிருந்தாள். மூலையில் கிடந்த அத்தையின் பையைத் திறந்தேன். ஆட்டச் சட்டை வியர்வையில் ஊறி, கசங்கி, முதுகுப் பக்கம் அழுக்கேறிக் கிடந்தது. முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அது மடிப்புக் கலையாமல்தான் வீட்டுக்கு வந்துபோனது. மாடிக்கு எடுத்துப் போய், சோப்புப் போட்டு, கையாலேயே கசக்கி அலசினேன். தண்ணீர் கலங்கி வந்தது. வாளியைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.