கழுவக் கழுவ இறுகிய கீபோர்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அரியலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர் ஊருக்கு வெளியே ஓர் எடைமேடையில் வேலை பார்த்து வந்தார். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். இவர் லாரி நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்து எடைச்சீட்டு எடுத்துக் கொடுப்பார். பல வருடங்களாக அதே நாற்காலிதான். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். காலும் பேச்சும் மெதுவாகத் திரும்பிவிட்டன. வலது கை விரல்கள் மட்டும் சுருண்டபடியே நின்றுவிட்டன.

எடைமேடை முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் லாரிகள் காத்திருக்காதே. தற்காலிகமாக வேறு ஆளை உட்கார வைத்திருப்பதாகவும், விரல்கள் ஓட ஆரம்பித்ததும் பொங்கலுக்குள் வந்துவிடும்படியும் சொல்லி அனுப்பினார். பொங்கலுக்கு மேல் ஆனால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் பிசையச் சொன்னாள். இவர் அதைத் தொடவே இல்லை. பந்து விளையாட நான் என்ன சின்னப் பிள்ளையா என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. மற்ற நேரமெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நான் ஊட்டினால் சாப்பிடுவார், சட்டை மாட்டிவிட்டால் கையை நீட்டுவார். கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை என்று எனக்கு இருக்கும். விஷயத்தைக் கேட்ட அந்தப் பெண், விரலுக்குப் பழக்கமான வேலையையே வீட்டில் செய்ய வைத்துப் பாருங்கள் என்றாள்.

இவர் விரலுக்குப் பழக்கம் டைப் அடிப்பதுதான். என் தம்பி விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் கீபோர்டு ஒயரை எலி கடித்துவிட்டிருந்தது. அதனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். குவித்து வைத்திருந்த கீபோர்டுகளில் ஒன்றில் T, N, 6, 1 ஆகிய பட்டன்களில் மட்டும் எழுத்தே இல்லை, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எங்கள் பக்கத்து வண்டியெல்லாம் டி.என். 61தான். நாள் முழுக்க லாரி நம்பர் அடித்த கீபோர்டு என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. எடைமேடையிலிருந்து வந்ததுதான், தூசி கிடக்கும், தட்டிவிட்டு உபயோகியுங்கள் என்றார் கடைக்காரர்.

தட்டச் சொன்னார், கழுவச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தட்டுவதெல்லாம் சுத்தத்தில் சேராது. சுவரில் இருக்கும் சுவிட்சைக்கூட வாரம் ஒருமுறை துடைக்கிற ஆள் நான். பட்டன் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் அடைந்து கிடந்ததை அப்படியே அவர் முன்னால் வைக்க மனசு வரவில்லை. செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். அதில் ஒருவர் கீபோர்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, புதுசு போல எடுத்துக் காட்டினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் டப்பில் சோப்புத்தூளைக் கரைத்து முக்கி வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். மத்தியானம் எடுத்து மொட்டை மாடியில் காயவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பாதிப் பட்டன்கள் கீழே இறங்கவே இல்லை, இறங்கிய சில பட்டன்கள் மேலே வரவில்லை. அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் தண்ணீர் விட்டேன். மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இன்னொரு தடவை. மூன்றாம் நாள் ஒரு பட்டன்கூட அசையவில்லை. பலகையைத் தட்டுவது போல இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீபோர்டுக்காக அழுதேன் என்று சொல்ல முடியாது. எதைச் செய்தாலும் ஒரு அடிகூட நகரவில்லையே என்றிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த இவர் முன்னால் அதைப் பொத்தென்று போட்டேன்.

இவர் குனிந்து பார்த்தார். இடது கை நகத்தால் பட்டன் இடுக்கைச் சுரண்டி, விரலில் ஒட்டியதை மோந்து பார்த்தார்.

"இது தூசி இல்ல, சிமெண்டு. இதுக்குப் போயி தண்ணி ஊத்துனியா?"

மூன்று தடவை ஊற்றினேன் என்றேன்.

"அப்ப நல்லா க்யூரிங் ஆகி இறுகியிருக்கும். மாடி கட்டலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் போனது. ஆனாலும் சிரித்தார். அவர் விழுந்த நாளிலிருந்து நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. சிமெண்ட் ஆலைகளுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்கத்தான் போகிறார் என்றும் தெரிந்தது. அது அப்படியே நடந்தது.

சின்ன ஸ்க்ரூ டிரைவரும் ஊக்கும் பழைய பிரஷும் கேட்டார். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் நெம்பினார். ஒரு கையால் நெம்பினால் கீபோர்டு நழுவியது. அதனால் வலது உள்ளங்கையை அதன் மேல் அழுத்தினார். பட்டன் பெயர்ந்து தெறித்து ஓடியது. அடுத்த பட்டன் தெறிக்காமல் பிடிக்க வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டுபோனார். பிடிக்க முடியவில்லை. கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்க நான் குனிந்தேன்.

"நீ தொடாத. போயி ஒன் வேலையப் பாரு."

போனேன். அடுப்படியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சுரண்டுகிற சத்தம், பட்டன் விழுகிற சத்தம், இவர் முணுமுணுப்பாகத் திட்டுகிற சத்தம். ஓடிப்போய் உதவாமல் நிற்பது எனக்கு லேசாக இல்லை.

பிறகு பல நாட்கள் இதே வேலைதான். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் சுரண்டுவார், வரும்போதும் சுரண்டுவார். அடுத்த முறை பெரம்பலூர் போனபோது அந்தப் பெண் இவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. கடைசியில் பந்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தக் கீபோர்டு கடைசிவரை வேலை செய்யவில்லை. இவரே அந்தக் கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தார். அதுவும் அழுக்குதான். நான் அதில் கை வைக்கவில்லை. இவரே தட்டி, பிரஷ் போட்டு, டைப் அடித்துப் பழகினார். பொங்கலுக்கு முந்தின வாரம் முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரல்தான் ஓடியது. மீதியை இடது கை பார்த்துக்கொண்டது. லாரிக்காரர்கள் கொஞ்சம் சலித்துக்கொண்டார்கள். ஆனாலும் வேலை இவருக்கே திரும்பக் கிடைத்தது.

அந்தக் கீபோர்டை நான் பளிச்சென்று கழுவிக் கொடுத்திருந்தால், இவர் அதையும் ஒதுக்கித்தான் வைத்திருப்பார் என்று தோன்றுகிறது. இவருக்குக் கஷ்டம் வேண்டாம் என்று நான் ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்க, இவர் செய்வதற்கென்று எதுவுமே இல்லாமல் போயிருந்தது. இப்போதும் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியாமல் இவர் திணறும்போது என் கை தானாக நீளும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதுதான், சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வீட்டில் நான் செய்கிற வேலைகளிலேயே பெரிய வேலை.